தாய் இல்லாமல் பிறந்த ஈக்கள்

1948-ல் ‘ஹெரிடிட்டி’ என்ற ஆய்விதழில் ஆங்கஸ் ஜான் பேட்மன் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. பேட்மன் தாவரங்களை ஆராய்ந்தவர். இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை. இந்தக் கட்டுரைக்காகப் பழ ஈக்களைக் கையில் எடுத்தார். கனிந்த வாழைப்பழத்தைச் சமையலறையில் மறந்து வைத்தால் மறுநாள் அதன்மேல் மொய்க்குமே, அந்தப் பொடி ஈதான். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. பல துணைகளோடு சேர்வதால் லாபம் ஆணுக்கா, பெண்ணுக்கா?

ஈக்கள் சேர்வதை அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. பிறந்த குஞ்சுகளை வைத்துப் பெற்றோரைக் கண்டுபிடித்தார். சில ஆண்களையும் அதே எண்ணிக்கையில் பெண்களையும் ஒரு புட்டியில் போடுவார். ஒவ்வோர் ஈயும் கண்ணால் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடிய ஒரு மரபுக் குறையைச் சுமந்திருக்கும். ஒன்றுக்குச் சிறகு சுருண்டிருக்கும், ஒன்றுக்கு முடி தடித்திருக்கும், இன்னொன்றுக்குக் கண் கீற்றுப்போலச் சுருங்கியிருக்கும். குஞ்சுக்குச் சுருண்ட சிறகும் கீற்றுக் கண்ணும் சேர்ந்து வந்தால் அம்மா இன்னார், அப்பா இன்னார் என்று சொல்லிவிடலாம். இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள். டி.என்.ஏ. பரிசோதனை என்ற பேச்சே இல்லாத காலத்தில் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, சந்தேகமில்லை.

முடிவு இதுதான்: துணைகள் கூடக்கூட ஆண் ஈயின் வாரிசுகள் கூடுகின்றன, பெண் ஈக்கு ஒரு துணையோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பேட்மன் அதோடு நிற்கவில்லை. ஆணிடம் ஆள் பார்க்காத ஆவல், பெண்ணிடம் ஆள் பார்த்து ஒதுங்கும் செயலின்மை, இது விலங்குலகின் பொது வழக்கம் என்றார். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழும் மனிதரிடமும் அதன் மிச்சம் இருக்கும் என்றார். கட்டுரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு அலமாரியில் தூங்கியது. 1972-ல் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் டிரைவர்ஸ் அதை எடுத்து, பிள்ளைக்காகத் தாயும் தகப்பனும் எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பது பற்றிய தன் புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு அடித்தளமாக வைத்தார். அதன்பிறகு அது பாடநூலுக்குள் போய்விட்டது. ‘ஆம்பளைன்னா அப்படித்தான் இருப்பான், இயற்கை’ என்று டீக்கடையில் சொல்பவருக்கும் தொலைக்காட்சியில் சொல்பவருக்கும் தெரியாமலே பின்னால் நிற்பவை இந்த ஈக்கள்தான்.

பாட்ரிஷியா கோவாட்டி என்ற அமெரிக்க உயிரியலாளர் தன்னைப் பெண்ணியவாதி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். 1997-ல் பெண்ணியமும் பரிணாம உயிரியலும் என்ற பொருளில் ஒரு தொகுப்பு நூலையே பதிப்பித்தார். 2007-ல் அவரும் பிரையன் ஸ்னைடரும் பேட்மனின் அட்டவணைகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். கூட்டல்தான். எந்தக் குஞ்சுக்கும் ஒரு தாய், ஒரு தகப்பன். அப்படியானால் தகப்பன்மார் கணக்கில் ஏறிய குஞ்சுகளின் மொத்தமும் தாய்மார் கணக்கில் ஏறியவற்றின் மொத்தமும் சமமாக வரவேண்டும். பேட்மனின் அட்டவணையில் தகப்பன்மார் கணக்கு பெருத்திருந்தது. தாய் இல்லாமல் கொஞ்சம் ஈக்கள் பிறந்திருந்தன.

2012-ல் கோவாட்டி, யாங்-கியூ கிம், வியாட் ஆண்டர்சன் மூவரும் அந்தச் சோதனையை அதே வகை ஈக்களோடு திரும்பச் செய்து பார்த்தார்கள். ஓட்டை எங்கே என்று தெரிந்தது. அம்மாவின் குறையும் அப்பாவின் குறையும் சேர்ந்து வாங்கிய குஞ்சுகள் நான்கில் ஒரு பங்கு இருக்கவேண்டும். பல சேர்க்கைகளில் அவை அந்த அளவுக்கு இல்லை. இரட்டைக் குறையைத் தாங்காமல் வளருமுன்பே செத்துவிட்டிருந்தன. பெற்றோர் இருவரையும் காட்டிக்கொடுக்கக்கூடிய குஞ்சுகள் அவைதான். சாட்சியே செத்துப்போன வழக்கு மாதிரி. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று அந்த முறையால் உறுதியாகச் சொல்லவே முடியாது.

நாற்பது ஆண்டு இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் யாரும் கூட்டத் தெரியாதவர்கள் இல்லை. பரிணாம உயிரியலின் கணிதத்தில் கரைகண்டவர்கள். அவர்கள் ஏன் கூட்டிப் பார்க்கவில்லை? விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை. மளிகைக் கடை பில்லில் நாம் எதிர்பார்த்த தொகை வந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு நடக்கிறோம். நூறு ரூபாய் கூட வந்தால்தான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்க்கிறோம். பேட்மனின் பில் பெரும்பாலானவர்களுக்கு எதிர்பார்த்த தொகையைக் காட்டியது. கோவாட்டிக்கு அது கூடுதலாகத் தெரிந்தது.

விஞ்ஞானத்தின் புறவயத்தன்மையைப் பெண்ணிய நோக்கு கெடுக்கிறதா, வலுப்படுத்துகிறதா என்ற சண்டைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கெடுக்கிறது என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது இல்லை. ஒரு கொள்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போகிறவர் அந்தக் கொள்கைக்கு ஏற்றதைத்தானே கண்டுபிடிப்பார்? சோவியத் ரஷ்யாவில் லைசென்கோ அரசியலை வயலுக்குக் கொண்டுபோய் மரபியலையே முடக்கிய வரலாறு கண்முன் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் ஒன்றைச் சத்தமில்லாமல் அனுமானித்துக்கொள்கிறது: பெண்ணியவாதி உள்ளே வருவதற்கு முன் அந்த அறை காலியாக, எந்தக் கொள்கையும் இல்லாமல் சுத்தமாக இருந்தது என்று. ஈக்களின் கதை அந்த அனுமானத்தைத்தான் உடைக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துவைக்க வேண்டும். விஞ்ஞானத்துக்குள் பெண்கள் வருவது வேறு. பெண்ணிய நோக்கு வருவது வேறு. 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர வந்த கமலா பாகவத்தை, பிற்காலத்தில் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவரை, பெண் என்பதற்காகவே முதலில் மறுத்தவர் நம் சர் சி. வி. ராமன். கடைசியில் ஓராண்டு சோதனைக் காலம், நிபந்தனைகள் என்று வைத்துச் சேர்த்துக்கொண்டார். அது அநியாயம். ஆனால் அது வாசற்படியில் நடந்த அநியாயம்; சோஹோனி உள்ளே போய்ச் செய்த உயிர்வேதியியலில் பெண் பார்வை என்று தனியாக ஒன்றும் இல்லை, இருக்கவேண்டிய தேவையும் இல்லை. நான் கேட்பது அடுத்த கேள்வி. உள்ளே போனபிறகு எதைப் பார்ப்பது, எதை எண்ணுவது என்பதை யாருடைய அனுபவம் முடிவு செய்கிறது?

இதற்குக் குரங்குகளை விட நல்ல உதாரணம் கிடையாது.

குறுந்தொகையின் 69-ஆம் பாட்டில் ஒரு மந்தி வரும். ஆண் குரங்கு செத்துப்போகிறது. கைம்மையோடு வாழ மனமில்லாத மந்தி, இன்னும் மரமேறப் பழகாத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையுச்சியிலிருந்து குதித்து உயிரை விடுகிறது. மனிதக் குடும்பத்தின் வழக்கத்தைக் குரங்கின்மேல் ஏற்றிய பாட்டு. கவிதைக்கு அது அழகு. சிக்கல் என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களும் கையில் குறிப்பேட்டோடு போய் ஏறக்குறைய இதையேதான் செய்தார்கள்.

1950-களின் கடைசியில் அமெரிக்க மானுடவியலாளர்கள் ஷெர்வுட் வாஷ்பர்னும் இர்வன் டிவோரும் கென்யாவின் புல்வெளியில் பபூன் குரங்குகளைப் பார்த்தார்கள். அவர்கள் வரைந்த சித்திரம் ஒரு படையணி. நடுவில் வலிமையான ஆண்கள், அவர்களை ஒட்டிப் பெண்களும் குட்டிகளும், ஓரங்களில் இளம் ஆண்கள். ஆபத்து வந்தால் ஆண்கள் முன்னால் போய் மறிப்பார்கள். ஆதிமனிதச் சமூகத்துக்கும் இதுவே அச்சு என்று அப்போது பலர் எழுதினார்கள். அடுத்த பத்தாண்டில் தெல்மா ரோவல் என்ற பெண் உகாண்டாவின் காட்டோரத்தில் அதே பபூன்களைப் பார்த்தார். ஆபத்து என்றதும் கூட்டம் மொத்தமும் ஓடியது. கால் நீளமான ஆண்கள் முதலில் மரத்தில் ஏறிவிட்டார்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார்கள் கடைசி. கூட்டம் நாளைக்கு எந்தப் பக்கம் போவது என்பதை வயதான பெண்கள் தீர்மானிப்பதையும் அவர் பதிவு செய்தார். புல்வெளிக்கும் காட்டுக்கும் வித்தியாசம் உண்டுதான், அதை ரோவலே சொன்னார். ஆனால் ‘பபூன் என்றால் இப்படித்தான்’ என்ற வாக்கியம் அதோடு ஆட்டம் கண்டுவிட்டது.

யார் சொன்னது சரி என்று எப்படித் தீர்ப்பது? அழகர்கோவில் மலைப்பாதையில் ஒரு படியில் அரை மணி நேரம் உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் பாருங்கள். உங்கள் தாளில் என்ன இருக்கும்? பெரிய ஆண் குரங்கு பல்லைக் காட்டியது, இன்னொன்றைத் துரத்தியது, ஒரு அம்மாவின் கையிலிருந்த பூஜைப் பையைப் பிடுங்கியது. தூணின் நிழலில் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்த மந்தி உங்கள் தாளில் ஏறியிருக்காது. அந்த அரை மணியில் அது மூன்று முறை இடம் மாறி, வேறொரு மந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதன் குட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். சத்தம் போடுவதைக் கண் எழுதிக்கொள்கிறது. நீங்கள் பொய் எழுதவில்லை, ஒரு வரியையும் திரிக்கவில்லை. ஆனாலும் உங்கள் தாள் பொய்.

1974-ல் ஜீன் ஆல்ட்மன் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் பிடித்தது. அவர் கல்லூரியில் படித்தது கணிதம். கென்யாவின் அம்போசெலியில் கணவர் ஸ்டூவர்ட்டோடு பபூன்களைப் பின்தொடர்ந்தவர். கண்ணில் பட்டதை எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்றார் அவர். யாரைப் பார்ப்பது என்பதை முன்கூட்டியே சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். அந்த ஒரு விலங்கைக் குறித்த நேரம் முழுவதும் விடாமல் பாருங்கள். அது தூங்கினால் ‘தூங்குகிறது’ என்று எழுதுங்கள். பக்கத்தில் ரத்தம் சிந்தும் சண்டை நடந்தாலும் தலையைத் திருப்பாதீர்கள். நேரம் முடிந்ததும் அடுத்த விலங்கு. பெண்ணுக்கும் ஆணுக்கும், கிழத்துக்கும் குட்டிக்கும் ஒரே நிமிடக் கணக்கு.

இந்தக் கட்டுரையில் பெண்ணியம் என்ற சொல் கிடையாது. கட்டுரை முழுக்க மாதிரியெடுப்பு முறைகளைப் பற்றியது. விலங்கு நடத்தை படிக்கும் மாணவர்கள் இன்றும் முதலில் கற்பது இதைத்தான். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். பெண் விலங்குகளுக்கும் சம நிமிடம் கிடைத்தவுடன், அவை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது தாளில் ஏறத் தொடங்கியது. யார் யாருக்கு நட்பு, எந்தத் தாயின் மகளுக்கு எந்தப் படிநிலை, யார் யாரை ஆதரிக்கிறார்கள் என்ற வலை முழுவதும் தெரிந்தது. புறவயத்தன்மை என்பதை நாம் பெரும்பாலும் ஆய்வாளரின் குணமாக நினைக்கிறோம். விருப்பு வெறுப்பு அற்ற, உணர்ச்சி காட்டாத ஒரு ஆள். ஆல்ட்மன் அதை ஆளிடமிருந்து எடுத்து அட்டவணைக்குள் வைத்தார். என் பார்வையில் இந்த விவாதத்தின் சாவி இதுதான். ‘நீ பெண்ணியவாதி, உன் கண் சார்புடையது’ என்று ஒருவர் சொன்னால், ‘உன் கண்ணும்தான், வா, சீட்டுப் போட்டு எண்ணுவோம்’ என்பதே சரியான பதில்.

அப்படி எண்ணியவர்களில் ஒருவரின் கதை நம் நாட்டில் நடந்தது. அமெரிக்க மானுடவியலாளர் சாரா ஹிர்டி 1971-ல் ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்தார். அனுமன் குரங்குகளிடம், அதாவது கருமுகச் சாம்பல் மந்திகளிடம், கூட்டத்துக்குப் புதிதாக வரும் ஆண், அங்குள்ள குட்டிகளைக் கொல்கிறது என்பதை அதற்கு முன்பே கர்நாடகத்தின் தார்வாரில் ஜப்பானியரான யுகிமாரு சுகியாமா பதிவு செய்திருந்தார். ஊருக்குள் நெருக்கடியாக வாழ்வதால் வரும் மனக்கோளாறு இது என்பது அப்போதைய எண்ணம். ஹிர்டியும் அதைச் சோதிக்கத்தான் வந்தார். அவருடைய ஆசிரியர்களைக் கவனியுங்கள்: ஹார்வர்டில் அவரை வழிநடத்தியவர்கள் பபூன் படையணியை வரைந்த அதே டிவோரும், பேட்மனின் ஈக்களைத் தூக்கிப் பிடித்த அதே டிரைவர்சும்.

அபுவில் அவர் முதலில் பார்த்தவற்றில் ஒன்று, ஒரு பெண் மந்தி தன் கூட்டத்தை விட்டு விலகிப்போய், வெளியே திரிந்த ஆண்களை வலிய அழைத்தது. தான் படித்திருந்த எந்தப் பாடத்திலும் இதற்கு இடம் இல்லாததால், இதை எப்படி விளங்கிக்கொள்வது என்றே அப்போது தெரியவில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். பெண் கண்ணுக்கும் உடனே தெரிந்துவிடவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து பார்த்தபிறகு அவர் சொன்னது இது. குட்டியைக் கொல்லும் ஆண் மனநோயாளி இல்லை. பால் குடிக்கும் குட்டி போனால் தாய் சீக்கிரம் கருத்தரிப்பாள், அது அந்த ஆணின் வாரிசாக இருக்கும். பெண்ணும் சும்மா இருப்பதில்லை. பல ஆண்களோடு, கர்ப்பமாக இருக்கும்போதுகூட, சேர்ந்து ‘குட்டி யாருடையது’ என்பதைக் குழப்பிவிடுகிறாள். தன்னுடையதாக இருக்கலாம் என்று தோன்றும் குட்டியை எந்த ஆணும் கொல்லத் தயங்கும்.

இதைக் கடுமையாக மறுத்தவர்களில் முன்னணியில் நின்றவர் ஃபிலிஸ் ஜே. அவரும் பெண். ஹிர்டிக்கு முன்பே இந்தியாவில் மந்திகளை நீண்ட நாள் பார்த்தவர். அவர் பார்த்த கூட்டங்கள் அமைதியாக இருந்தன. ‘பெண் பார்த்தால் பெண்ணுக்குச் சாதகமாகத் தெரியும்’ என்ற கேலிக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இரண்டு பெண்கள், ஒரே இனம், எதிரெதிர் முடிவுகள். கடைசியில் வழக்கை வேறொரு சாட்சி நகர்த்தியது. 1999-ல் கரோலா போரீஸ் குழுவினர் நேபாளத்தின் ராம்நகர் மந்திகளிடம் டி.என்.ஏ. பரிசோதனை செய்து வெளியிட்டார்கள். தாக்கிய ஆண்கள் தாங்கள் தாக்கிய குட்டிகளுக்குத் தகப்பன்மாராக இருக்கவில்லை. ஹிர்டியின் கருதுகோளில் இந்தப் பாதி தப்பித்தது. பெண்ணியம் அந்தக் கேள்வியை எழுப்ப உதவியது. விடையை எழுதித் தரவில்லை.

தத்துவவாதிகள் இதற்கு நிறையப் பெயர்கள் வைத்தார்கள். சாண்ட்ரா ஹார்டிங் ‘வலுவான புறவயம்’ என்றார்: ஆய்வாளர் தன் நிலைப்பாட்டையும் ஆய்வுப் பொருளாக மேசைமேல் வைக்கவேண்டும், ஒளித்துவைத்தால் வலுவிழக்கும். ஹெலன் லாங்கினோ 1990-ல் இன்னும் தெளிவாகச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை புறவயத்தன்மை ஒரு தனி மனத்தில் உருவாவதில்லை, சபையில் உருவாகிறது. விமர்சனம் சொல்ல இடம் இருக்கவேண்டும். சொன்னால் அதற்குக் காது கொடுக்கவேண்டும். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் இருக்கவேண்டும். பேசுபவரின் வாதத்தைப் பார்க்கவேண்டுமே தவிர அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கக்கூடாது. எனக்கு லாங்கினோ போதும். ஹார்டிங்கிடம் ஒரு சிக்கல் இருக்கிறது: ஒடுக்கப்பட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால் உண்மை கூடுதலாகத் தெரியும் என்ற கருத்து. சில நேரம் தெரியும். ஆனால் அதை ஒரு விதியாக்கினால், மந்திகளைப் பற்றி ஹிர்டியும் ஜேயும் ஏன் மோதினார்கள் என்பதற்கு விளக்கம் கிடைக்காது.

பெண்ணியத் தரப்பு சறுக்கிய இடங்களையும் மறைக்கத் தேவையில்லை. அதே ஹார்டிங் 1986-ல் எழுதிய நூலில், இயற்கையை வசப்படுத்துவது பற்றிய ஆரம்பகால உருவகங்களை அலசிக்கொண்டே போய், நியூட்டனின் விதிகளை இயக்கவியல் என்று அழைப்பது நேர்மை என்றால், வன்புணர்ச்சிக் கையேடு என்று அழைப்பதும் அதே அளவுக்கு நேர்மையானதாகாதா என்று கேட்டார். எதிரணி அதை இன்றுவரை விடவில்லை. விடவேண்டிய அவசியமும் இல்லை. பேட்மனின் அட்டவணையில் தவறைக் காட்ட முடிந்தது. நியூட்டனின் எந்தச் சமன்பாடு இந்த உருவகத்தால் மாறுகிறது? எதுவும் மாறாது. ஆப்பிள் அதே வேகத்தில்தான் விழும். எண்ணுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் நின்று குற்றம் சாட்டினால், எண்ணிக் காட்டிய தோழியின் பேச்சையும் சேர்த்து யாரும் கேட்கமாட்டார்கள்.

உருவகம் எல்லாமே வெற்று என்றும் நான் சொல்லமாட்டேன். 1991-ல் மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் மருத்துவப் பாடநூல்களில் விந்தணுவும் கருமுட்டையும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்தார். விந்தணு ஒரு வீரன், பயணம் போகிறான், கோட்டையை உடைக்கிறான், முட்டை காத்திருக்கிறது. நமக்கு இது புதிதா? ஆண் விதை, பெண் நிலம் என்பதுதானே நம் பாட்டிகளின் உயிரியல். குழந்தை இல்லாத வீட்டில் ‘மலடி’ என்ற சொல் தெருவெல்லாம் கேட்கும். ‘மலடன்’ அகராதியில் உட்கார்ந்திருக்கும். இத்தனைக்கும் குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விதைக்கு எந்தக் குறையும் இருக்காது என்ற உருவகம் எத்தனை பெண்களை ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்கு நடக்கவைத்திருக்கிறது என்பதை வீட்டுக்கு வீடு சொல்வார்கள். இந்த இடத்தில் உருவகம் சோதனையின் வரிசையையே மாற்றுகிறது. யாரை முதலில் பரிசோதிப்பது என்று அது முடிவு செய்கிறது.

எலிகளிடமும் இதே கதைதான். நரம்பியல் ஆய்வுகளில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவை, பெண்ணை மட்டும் வைத்துச் செய்தவற்றைப் போல 5.5 மடங்கு என்று 2011-ல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. காரணம் கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: பெண் எலிக்கு ஹார்மோன் சுழற்சி இருக்கிறது, அளவீடுகள் ஏறி இறங்கும், கணக்கு கலங்கிவிடும். கேட்க விஞ்ஞானமாகத்தான் இருந்தது. 2014-ல் பிரெண்டர்காஸ்ட் குழுவினர் 293 ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து சுண்டெலி அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பெண் எலிகளின் அளவீடு ஆண் எலிகளுடையதை விட அதிகமாக ஏறி இறங்கவில்லை. ‘அவளுக்கு மூடு மாறிக்கிட்டே இருக்கும்’ என்ற வீட்டு வாக்கியம் ஆய்வுமுறை என்ற வேடத்தில் இத்தனை நாள் ஆய்வுக்கூடத்தில் உலவியிருக்கிறது. அதை யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கதை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. 2013 ஜனவரியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையின் அளவைப் பெண்களுக்குப் பாதியாக்கச் சொன்னது. 10 மில்லிகிராமுக்குப் பதில் 5. மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கக்கூடிய அளவில் மருந்து ரத்தத்தில் இருந்தது பெண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு, ஆண்களில் 3 சதவீதம் பேருக்கு. ஆண் உடலையே அளவாக வைத்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று பெண்ணியக் கட்டுரைகள் எல்லாம் இதை எடுத்துக்கொண்டன. நானும் இதை மேற்கோள் காட்டியவன்தான்.

பிறகு இதைக் கேள்விக்கு உள்ளாக்கியவர்களில் சாரா ரிச்சர்ட்சன் தலைமையிலான ஹார்வர்டின் ஆய்வுக் குழுவும் ஒன்று. அது வெளிப்படையான பெண்ணிய விஞ்ஞானக் குழு. ரத்தத்தில் மருந்தின் அளவு கூடினால் பெண்கள் உண்மையிலேயே அதிகமாக வண்டியை மோதுகிறார்களா? அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். வித்தியாசத்தில் உடல் எடைக்கு எவ்வளவு பங்கு, பால் வேற்றுமைக்கு எவ்வளவு? ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பும் இதே தரவுகளைப் பார்த்துவிட்டு ஆண் பெண் இருவருக்கும் ஒரே அளவையே வைத்துக்கொண்டது. அளவைத் தேவையில்லாமல் குறைத்தால் தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்ணுக்குப் போதிய மருந்து கிடைக்காமல் போகும், அதுவும் பெண்ணுக்குச் செய்யும் கெடுதல்தான் என்று இத்துறையில் சிலர் சொல்கிறார்கள். தன் பக்கத்துக்குப் பிடித்த உதாரணத்தையே ஒரு பெண்ணியக் குழு மேசையில் போட்டு அறுத்துப் பார்த்திருக்கிறது. பெண்ணியம் ஆய்வுக்குள் வந்தால் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடும் என்பவர்கள் இந்தச் சம்பவத்தை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஈக்களிடம் திரும்பி வருவோம், ஏனென்றால் அங்கேயும் கதை கோவாட்டியோடு முடியவில்லை. 2016-ல் ஜானிக்கே என்ற ஆய்வாளரும் சகாக்களும் 66 இனங்களின் தரவுகளைத் திரட்டினார்கள். சராசரியாகப் பார்த்தால், துணைகள் கூடுவதால் வரும் லாபம் ஆணுக்குத்தான் அதிகம் என்று வந்தது. அதாவது பேட்மனின் சோதனை ஓட்டை. ஆனால் அவர் கைகாட்டிய திசையில் ஓரளவு விஷயம் இருக்கிறது. சராசரி மட்டும்தான் அது. இனத்துக்கு இனம் மாறுகிறது, பெண்ணுக்கே லாபம் அதிகமாக இருக்கும் இனங்களும் உண்டு. ‘பேட்மன் தோற்றார்’ என்று கொண்டாடியவர்களுக்கு இது கசப்பாக இருந்திருக்கும். ‘பேட்மன் ஜெயித்தார்’ என்று பதிலுக்குக் கொண்டாடியவர்கள், அந்த 66 இனங்களில் பெண்களின் பக்கத்தையும் இவ்வளவு கவனமாக அளக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

பேட்மனின் மூலக் கட்டுரையில் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் தன் சோதனைகளை ஆறு தொடர்களாகச் செய்தார். முடிவை ஒரே வரைபடமாகப் போடாமல் இரண்டாகப் பிரித்தார். முதல் நான்கு தொடர்களுக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கு ஒன்று. பாடநூல்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவதை: ஆணின் கோடு செங்குத்தாக ஏறும், பெண்ணின் கோடு ஒரு துணையோடு படுத்துவிடும். ஆசிரியர்கள் கரும்பலகையில் போட்டதும் அதைத்தான். முதல் வரைபடம் கட்டுரையில் அதற்கு முன்னாலேயே இருக்கிறது, யாரும் மறைக்கவில்லை. அதில் பெண் ஈக்களின் கோடும் ஏறுகிறது. ஆணின் அளவுக்கு இல்லை, ஆனால் ஏறுகிறது.